ரேம் தின்னும் பேய்

கோவையில் கேமிங் கணினி திணறினால் முதல் வைத்தியம், "இன்னொரு 16 ஜிபி போட்டுருங்க." ஆட்டமே ஓடாதபோது 13 ஜிபி பயன்பாட்டில், டாஸ்க் மேனேஜர் பட்டியலைக் கூட்டினால் 4 தேறவில்லை என்று வையுங்கள். "விண்டோஸ் கேஷுக்கு எடுத்திருக்குமுங்க" என்பார்கள். எடுக்கும்தான்; ஆனால் அந்தக் கேஷ் பயன்பாட்டுக் கணக்கில் சேராது, கேட்டால் உடனே திரும்பக் கிடைக்கும். ஆகவே சந்தேகம் டிரைவர்கள் மேல்தான். அவை பிடித்துவைக்கும் 'நான்-பேஜ்டு பூல்' நினைவகம் எந்த நிரலின் பெயரிலும் வராது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அந்த எண் ஜிபிக் கணக்கில் ஏறிக்கொண்டே போனால், அது கசிவு. பூல்மான் கருவி நாலெழுத்துக் குறியோடு ஆளைக் காட்டிக்கொடுக்கும். நெட்வொர்க் டிரைவர் மாட்டுவது புதிதல்ல. அதை விட்டுவிட்டு ரேம் வாங்குவது, ஓட்டைத் தொட்டிக்குச் சிறுவாணித் தண்ணீர் கூடுதலாகக் கேட்பது. நட்டமில்லாதவர் கடைக்காரர் மட்டுமே.