திருகைத் தொட்டுறாதே பேராண்டி

பேராண்டி, மெஷின் வந்து இறங்கிருச்சு. சந்தோசம். சுத்துப்பட்டுல மெல்லிசைக் குழு வச்சிருக்கிறவன் அத்தனை பேருக்கும் வயித்தெரிச்சல். அதுவும் சந்தோசம்தான். யமஹா மோடெக்ஸ் சிந்தசைசர், 61 கட்டை, நடுவுல தொடுற திரை, ஓரத்துல விளக்கெரியிற பெரிய திருகு ஒண்ணு. இனி உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒண்ணே ஒண்ணுதான்: அதுல எந்தத் திருகையும் தொட்டுறாதே. பெயிண்டு போயிரும், நாளைக்கு விக்கப் போனா வெலை கொறையும். திரையில டோன் பேரைப் பாரு, வாய்க்குப் பிடிச்ச பேரா ஒண்ணுல விரலை வையி, வாசி. பழைய கீபோர்டுல இம்புட்டு நாளும் அதைத்தானே பண்ணுனே? அதையே பண்றதுக்கு அம்புட்டுக் காசு எதுக்குடான்னு உங்கப்பன் கேட்டா, என்னைக் கை காட்டாதே.

ஆர்மோனியக்காரக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்கிறியா? விடிய விடிய வள்ளி திருமணத்துக்குப் பின்பாட்டு வாசிச்ச ஒடம்புடா இது. இப்ப நாடகம் இல்லாத ராத்திரியிலயும் தூக்கம் வர்றதில்ல. நீ பிரிக்காம வச்சிருக்கிற அந்த மெஷினோட புஸ்தகத்தைத்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

முதல்ல ஒரு ரகசியம். அதுக்குள்ள இருக்கிற ஆயிரக்கணக்கான டோனுல முக்காவாசி, மேடைக்குப் பொறந்தது இல்ல, கடைக்குப் பொறந்தது. கடையில வந்து நிக்கிறவன் ஒத்தை விரலை வச்சு அமுக்குவான். அமுக்குன மாத்திரத்துல சொக்கிப் போகணும். அதனால கீழ ஒரு கனம், மேல ஒரு மினுக்கு, ரெண்டு பக்கமும் கோரஸ், பின்னால கோயில் மண்டபம் கணக்கா நீளுற ரிவெர்ப். தனியாக் கேட்டா தேவலோகம். அதை அப்படியே நம்ம திருவிழா மேடைக்குக் கொண்டு போறது, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குப் பூட்டுன நகையோட நாத்து நட இறங்குறதுதான். கித்தாருக்கு இடம் இல்ல, பேஸுக்கு இடம் இல்ல, பாடுற புள்ளை தொண்டை கிழியக் கத்துது. நீ மட்டும் கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டுறே.

கணக்கும் சொல்றேன் கேளு. இந்த மெஷின்ல ஒரு கட்டையை அமுக்குனா எட்டுப் பார்ட் வரைக்கும் ஒண்ணாப் பேச வைக்கலாம். ஒரு பார்ட்டுக்குள்ள எட்டு எலிமென்ட் வரைக்கும் அடுக்கலாம். எட்டெட்டு அறுபத்து நாலு. மெஷினுக்கு ஒரே சமயத்துல 128 குரல்தான், இந்த எலிமென்ட் வகைச் சத்தத்துக்கு. அம்புட்டையும் நீ அடுக்கிக்கிட்டா ரெண்டு விரலுக்கு மேல வேலை இல்ல. மிச்ச எட்டு விரலையும் தாளம் போட வச்சுக்கோ.

அதனால வாசிக்க உக்காந்ததும் முத வேலையா ரிவெர்பைச் சுத்தமா எறக்கு. சத்தம் அம்மணமா நிக்கும். பாக்கக் கூச்சமாத்தான் இருக்கும். அப்பவும் அது நல்லா இருந்தா அதுதான் சத்தம். நம்ம ஊரு மைக் செட்டுக்காரரு அவரு பங்குக்கு வேற எக்கோ போடுவாரு, அவரு தொழிலையும் நீயே பாக்க வேணாம்.

அடுத்தது ஃபில்டர். கட்-ஆஃபுன்னு எழுதியிருக்கும். அதுக்கு மேல இருக்கிற அதிர்வையெல்லாம் வெட்டி எறியும், அம்புட்டுதான் அதோட வேலை. நீ என்னடான்னா எப்பவும் முழுசாத் தொறந்தே வச்சிருக்கே, காசு குடுத்து வாங்குன சத்தத்துல ஒரு பொட்டும் வீணாகக் கூடாதுன்னு. சரி, சிக்கனம். பாட்டு பல்லவியில மெதுவா இருக்கிறப்ப கொஞ்சம் மூடு. சரணத்துல ஏறுறப்ப மெல்லத் தொற. அதே டோன்தான், கேக்குறவன் வேற வாத்தியம் வந்து சேந்துருச்சுன்னு நெனைப்பான். பக்கத்துல இருக்கிற ரெசனன்ஸைக் கூட்டுனா, வெட்டுன எடத்துல விளிம்பு தூக்கிக்கிட்டு மூக்காலப் பேசும். ரொம்பக் கூட்டுனா விசிலடிக்கும். விசிலடிக்க நம்ம ஊருல ஆளு நெறைய இருக்கு.

ஆனா உன் கோளாறு ஃபில்டர்ல இல்லடா. அட்டாக், டீகே, சஸ்டெய்ன், ரிலீஸ்னு நாலு இருக்கே, அதுல இருக்கு. இந்த நாலையும் இங்கிலீசு எழுத்து ஞாபகத்துக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கே, பாராட்டுறேன். சஸ்டெய்ன்னா என்னான்னு அன்னிக்குக் கேட்டதுக்கு, 'எம்புட்டு நேரம் இழுக்குங்கிறது'ன்னு சொன்னே பாரு, அங்கதான் நீ எங்க வம்சம்னு ஊர்ஜிதம் ஆச்சு. மத்த மூணும் நேரம். சஸ்டெய்ன் மட்டும் உசரம். கட்டையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா சத்தம் எந்த மட்டத்துல நிக்கணுங்கிற கணக்கு அது. தவில்ல அடி விழுந்ததோட சரி, நிக்கிற மட்டம் பூச்சியம். வீணையில மீட்டுன ஒடனே உச்சி, அப்புறம் நிதானமா எறங்கிக்கிட்டே போகும், அதுவும் நிக்காது. நாயனத்துல ஊதுறவன் மூச்சு இருக்கிற மட்டும் நிக்கும். நீ என்ன பண்றே? வீணை டோனை எடுத்துக்கிட்டு சஸ்டெய்னைத் தூக்கி வச்சு, அம்மன் வீதியுலா சுத்தி வர்ற வரைக்கும் ஒரே சுரத்தை இழுக்கிறே. வீணையைக் கண்டுபிடிச்சவன் கேட்டான்னா உன்னைத் தேடி வருவான்.

அந்த நாலுல மொதலாவதை மட்டும் தெய்வமா நெனைச்சுக்கோ. 1948ல பாரிஸ் ரேடியோவுல பியர் ஷெஃபர்னு ஒரு ஆளு. மணியடிக்கிற சத்தத்தைப் பதிவு பண்ணி, நாக்கு மோதுற அந்த ஆரம்பத்தை மட்டும் வெட்டிப்புட்டு மிச்சத்தை ஓடவிட்டுப் பாத்தாரு. மணியாவே கேக்கலை. ஏதோ ஊதுகுழல் மாதிரி கேட்டுச்சு. பொறக்குறப்ப என்ன நடந்துச்சுங்கிறதை வச்சுத்தான் காது பெரும்பாலும் வாத்தியத்தைக் கண்டுபிடிக்குது, மிச்சமெல்லாம் அப்புறந்தான். இந்தச் சூட்சுமத்தை வச்சே 1987ல ரோலண்டுக்காரன் டி-50ன்னு ஒரு மெஷின் விட்டான். அப்ப மெமரி ஆனை வெலை. முழு வாத்தியத்தையும் பதிஞ்சு வைக்கக் கட்டுப்படி ஆகலை. அதனால ஆரம்பத்து ஒரு துணுக்கை மட்டும் நெசமான பதிவா வச்சான், வாலை மெஷினையே உண்டுபண்ண விட்டான். உலகமே ஏமாந்துச்சு, சந்தோசமா. உன் மெஷின்ல அந்த வறுமை இல்ல. அதனாலதான் உனக்கு யோசனையும் இல்ல.

ரிலீஸைப் பத்தி ஒரு வார்த்தை. துரித காலத்துல சுரம் உதுக்குறப்ப ரிலீஸைக் கொறைச்சு வையி. இல்லன்னா போன சுரம் போகாம வந்த சுரத்துக்கு மேல உக்காந்துக்கும். உன் வாசிப்பு கலங்கலா இருக்குன்னு உன் சிநேகிதன் விரலைக் கொறை சொன்னானே, விரல் பாவம்டா.

இப்ப எஃப்.எம். இந்த மெஷின்ல எஃப்.எம்.-எக்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, 8 ஆப்பரேட்டர், 88 அல்காரிதம். அந்தப் பக்கத்தைத் தப்பித் தவறித் தொறந்தா சட்டுனு மூடிருவே, நான் பாத்துருக்கேன். பயப்படுறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. 1967ல அமெரிக்காவுல ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துல ஜான் சௌனிங்னு ஒரு இசைக்காரர். கம்ப்யூட்டர்ல ஒரு சுரத்தை நடுங்க விட்டு வெளையாடிக்கிட்டு இருந்தாரு. வினாடிக்கு அஞ்சாறு தரம் நடுங்குனா அது நடுக்கம், நம்ம பாகவதர்கள் பண்றதுதான். நடுக்கத்தோட வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனாரு, ஆழத்தையும் கூட்டுனாரு. நூத்துக்கணக்குல போனதும் காதுக்கு நடுக்கமே தெரியலை, சத்தத்தோட நெறம் மாறிருச்சு. அம்புட்டுதான் எஃப்.எம். ஒரு அலை இன்னொரு அலையைப் பிடிச்சு உலுக்குறது. அந்த ஊரு ஆர்கன் கம்பெனிக்காரங்களுக்கு இது புரியலை. ஜப்பான்லேருந்து வந்த யமஹாக்காரங்களுக்குப் புரிஞ்சுச்சு. 1983ல டி.எக்ஸ்.7 வந்துச்சு, 6 ஆப்பரேட்டர், 32 அல்காரிதம். எண்பதுகள்ல உலகம் பூரா காதல் பாட்டுல கேட்ட அந்தக் கண்ணாடிப் பியானோ அதுலேருந்து வந்ததுதான். அதையும் நெறையப் பேரு உள்ள என்ன இருக்குன்னு பாக்காமத்தான் வாசிச்சாங்க, நீ தனியாள் இல்ல, தைரியமா இரு.

ஆப்பரேட்டர்னா அலை உண்டுபண்றது, அல்காரிதம்னா எது எதை உலுக்கணுங்கிற ஏற்பாடு. உனக்கு எட்டு ஆப்பரேட்டரும் வேணாம். ரெண்டு போதும். ஒண்ணு உலுக்கும், ஒண்ணு உலுக்கப்படும். ரெண்டுக்கும் வேகம் ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டுன்னு முழுக் கணக்கா இருந்தா சுரம் சேந்து நிக்கும். ஒண்ணுக்கு 1.4ன்னு வச்சுப் பாரு, வெண்கல மணி. அப்புறம் உலுக்குற பலத்தை வெலாசிட்டியோட கட்டி விடு. மெல்லத் தொட்டா மெத்துனு, ஓங்கி அடிச்சா பளிச்சுனு வரும். அதுக்கு நீ மொதல்ல மெல்லத் தொடக் கத்துக்கணும். வெலாசிட்டியை ஒண்ணுலேருந்து 127 வரைக்கும் அந்த மெஷின் எண்ணிக்கிட்டு உக்காந்துருக்கு. நீ அதுக்கு 127ஐத் தவிர வேற ஒரு நம்பரைக் காட்டுனதே இல்ல.

இப்ப வர்றேன் என் சொந்தப் புண்ணுக்கு. 1940ல ஆல் இந்தியா ரேடியோவுல ஆர்மோனியத்தைத் தள்ளி வச்சாங்க. கட்டைக்குக் கட்டை தாவும், நடுவுல நழுவாது, கமகம் வராதுன்னு குத்தம். 1971ல தான் அந்தத் தடை தளந்துச்சு. முப்பது வருசம்டா! எங்க ஆளுக ரேடியோப் படி ஏற முடியாம கொட்டகையிலயே காலத்தை ஓட்டுனாங்க. குத்தம் பொய்யும் இல்ல. துருத்தியை அமுக்கிச் சத்தத்தை ஏத்தலாம் எறக்கலாம், 'ரி'யை அசைக்கிறதுக்கு ஆர்மோனியத்துல வழியே கெடையாது. அந்த வழி உன் மெஷினுக்கு எடது பக்கம் ஒரு சக்கரமா உக்காந்துருக்கு. பிட்ச் பெண்டு. மத்த திருகெல்லாம் சாதாரணமா 128 படியிலதான் நகரும். இதுக்கு மட்டும், மின் வாத்தியங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மிடிக் கணக்குப்படி 16,384 படி, அசைவு வழுக்கிக்கிட்டு வரணும்னு. எங்க தலைமுறை தவங்கெடந்தும் கெடைக்காத சக்கரம். நீ அதுக்கு மேல பாட்டு நோட்டை வச்சிருக்கே.

நோட்டை எடு. சாதாரணமா அது மேல ரெண்டு, கீழ ரெண்டு அரைச்சுரம் போகும், வேணுங்கிற அளவுக்குக் கூட்டிக் கொறைக்கலாம். மோனோ, லெகாட்டோவுல போட்டுக்கிட்டு போர்ட்டமெண்டோவைக் கொஞ்சமா வச்சின்னா சுரத்துக்குச் சுரம் நழுவும். பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒருத்தரு 1982லயே ரோலண்டு மெஷின்களை வச்சுப் பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சுப் பதிவு பண்ணுனாரு. அதுல ஒண்ணான டிபி-303ல ஒரு சுரத்துலேருந்து இன்னொண்ணுக்கு வழுக்குற வசதி இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டாரு. நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இன்னும் ஒரு படி மேல போயி, கட்டையே இல்லாத கன்டினம்னு ஒரு பலகையில விரலை இழுத்து வாசிக்கிறாரு, டெல்லி-6 படத்துல கேக்கலாம். சுரத்தை நழுவ விட அவரு அம்புட்டுப் பாடுபடுறாரு. உனக்கு எடது கை எதுக்கு இருக்கு? செல்போன் பிடிக்கத்தான்னு நெனைச்சியா?

விரலை அமுக்குன பின்னாடி இன்னும் அழுத்துனா மாறுற ஆஃப்டர்டச்சு, அது உன் மெஷின் கட்டையில கெடையாது. இதோட அண்ணன் மெஷினு மான்டேஜுல உண்டு. கவலைப்படாதே, பின்னால ஃபுட் கன்ட்ரோலர் சொருகுற ஓட்டை இருக்கு. காலுக்கு ஒரு பெடலை வாங்கி அதை வால்யூமுக்குக் குடுக்காம ஃபில்டருக்குக் குடு. எங்க துருத்தி பண்ணுன வேலையைவிட ரெண்டு மடங்கு பண்ணும்.

அந்த விளக்கெரியிற பெரிய திருகு, சூப்பர் நாப்பு, அதைத் திருப்புனா உள்ள பல சங்கதி ஒரே நேரத்துல மாறும். எது எது மாறணும்னு நீதான் கட்டி விடணும். கட்டாமத் திருப்புறதா இருந்தா அதுவும் நல்லதுதான், விளக்கு எரியும், முன்வரிசைப் புள்ளைக வேடிக்கை பாக்கும். மைக்குல வர்ற தவிலடி ஃபில்டரைத் தொறந்து மூடற மாதிரியும் கட்டலாம், என்வலப் ஃபாலோயர்னு பேரு. நம்ம தவில் மாமாகிட்ட மட்டும் அதைச் சொல்லிறாதே, சம்பளத்துல பங்கு கேப்பாரு.

ராத்திரி நீ தூங்குன பின்னாடி நான் இனிட் நார்மல்னு இருக்கிற வெறும் டோனைத் தொறந்து, எஃப்.எம். பக்கம் வெறும் சைன் அலையிலேருந்து ஒரு சத்தம் செஞ்சேன். ரெண்டே ஆப்பரேட்டர், ரிவெர்ப் பூச்சியம், சக்கரத்தைத் தொட்டா 'ரி' அசையும். எவன்கிட்டயோ காசு குடுத்துப் பென்டிரைவ்ல வாங்கி ஏத்தியிருக்கியே டோன் மூட்டை, அதுக்கு நடுவுல எங்கயோ சேத்து வச்சிருக்கேன். பேரும் அந்தக் கம்பெனிக்காரன் வைக்கிற தினுசுலயே பகட்டா இங்கிலீசுல வச்சாச்சு. எத்தனாவதுன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொண்ணா வாசிச்சுக் காதால கண்டுபிடி. திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்கு.