துவக்கின் சாதகம்

2014 பெப்ரவரியில் ஓர் இரவு, சுவிஸ் ஆர்ம்ஸ் என்ற துவக்கை வைத்திருந்த கனடியர் படுக்கப் போனபோது அது நல்ல துவக்கு. வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தது, அரசாங்கம் கொடுத்த உரிமம் இருந்தது, பூட்டிவைக்க இரும்பு அலுமாரியும் இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் அதே அலுமாரிக்குள் தடைசெய்யப்பட்ட ஆயுதம். இரவோடிரவாகத் துவக்கு எழும்பிப் போய் யாரையும் சுட்டுவிட்டு வரவில்லை. ஆர்சிஎம்பி என்ற மத்திய பொலிசார் அதன் சாதகத்தை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பாட்டன் சரியில்லையாம். தடையிலுள்ள ஓர் இராணுவத் துவக்கின் வம்சமாம். பத்து வருடத்துக்கு மேலாகக் கடைகளில் விற்க விட்டபோது இந்தப் பாட்டன் எங்கே போயிருந்தான் என்று கேட்கக் கூடாது. சாத்திரியாரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

அந்தச் சாதகக் கட்டுக்குத் 'துப்பாக்கி உசாத்துணை அட்டவணை' என்று பெயர். எழுதுவது பொலிஸ், திருத்துவது பொலிஸ், நாளைக்கு உங்கள் கதவைத் தட்டப் போவதும் பொலிஸ். சட்டத்தில் துவக்குகளுக்கு மூன்று சாதி: கட்டுப்பாடு இல்லாதது, கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது. சாதி மாற ஒட்டாவாவில் ஆட்சி மாறினால் போதும். சுவிஸ் ஆர்ம்ஸுக்கு 2015 இல் கன்சர்வேட்டிவ் அரசு தோஷம் கழித்தது. 2020 இல் லிபரல் அரசு மறுபடி தோஷம் ஏற்றியது. அந்தக் கம்பனியின் ஒரு வரிசைக்குப் பெயரே 'நான்கு பருவங்கள்'. பெயர்ப் பொருத்தம் என்றால் இதுதான்.

2020 இல் நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஏப்ரல் 18 இரவும் 19 காலையும், நோவா ஸ்கோஷியாவின் போர்ட்டபீக் என்ற சிற்றூரில் தொடங்கி, ஒருவன் 22 பேரைக் கொன்றான். பொலிஸ் வாகனம் போலவே ஒரு காரைச் சோடித்து அதில் ஓடித் திரிந்தான். அவனிடம் துவக்கு உரிமம் கிடையாது. ஆயுதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து எல்லை தாண்டிக் கடத்தி வந்தவை. அவனிடம் துவக்குகள் இருக்கின்றன, பொலிஸ்காரர் ஒருவரைக் கொல்லப் போவதாகச் சொல்கிறான் என்று 2011 இலேயே பொலிசுக்குத் தகவல் போயிருந்தது. அவன் கொன்றுகொண்டு திரிந்த அந்தக் காலையில், ஊர்ச்சனத்தின் கைபேசிகளை அலற வைக்கும் அவசர எச்சரிக்கை முறை இருந்தும், ஆர்சிஎம்பி ருவிற்றரில் எழுதிக்கொண்டிருந்தது. ஒன்ஸ்லோ தீயணைப்பு நிலையத்தைப் பார்த்து அவர்களுடைய ஆட்களே வெடி வைத்தார்கள். உள்ளே இருந்தது தீயணைப்பு வீரர்கள். எல்லாம் விசாரணை ஆணைக்குழுவில் வெளிவந்தவை.

அரசாங்கம் கண்ட பரிகாரம்: மே 1 அன்று சுமார் 1,500 ரகத் துவக்குகளுக்குத் தடை. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, அமைச்சரவைக் கட்டளை ஒன்று. எந்தத் துவக்கு கெட்டது என்று அட்டவணை எழுதும் வேலை, அந்தக் காலையில் ருவிற்றரில் இருந்த அதே ஆர்சிஎம்பிக்கு. கொலைகாரன் எடுக்காத உரிமத்தை ஒழுங்காக எடுத்துவைத்திருந்தவன் அகப்பட்டான். அவனுடைய விலாசம்தானே கையில் இருக்கிறது! கனடாவில் உரிமம் வைத்திருக்கும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொலிஸ் கணினி ஒவ்வொரு நாளும் குற்றப் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கிறது. கடத்தல்காரன் இந்த வரிசையில் வந்து நிற்கப் போவதில்லை. நிற்பவனைப் பிடிப்பது சுகம்.

தடைக்கு வைத்த பெயரையும் பாருங்கள்: 'தாக்குதல் பாணித் துவக்கு'. பாணி! நாதஸ்வரத்துக்குப் பாணி உண்டு, நாட்டுக்கூத்துக்கு வடமோடி தென்மோடி உண்டு. துவக்குக்கும் வந்துவிட்டது. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் உண்மையான தானியங்கிகளுக்குக் கனடா 1978 இலேயே கதவை அடைத்துவிட்டது. மிஞ்சியவற்றில் கறுப்புப் பிளாஸ்ரிக் உடுத்தது கொலைகாரன், மரம் உடுத்தது வேட்டைக்காரன் என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்பு.

மினி-14 மரம் உடுத்த துவக்கு. 1989 டிசம்பர் 6 அன்று மொன்றியல் பொலிரெக்னிக்கில் 14 பெண்கள் கொல்லப்பட்டது அந்தத் துவக்கால்தான். அதன்பின் முப்பது வருடம் அது 'கட்டுப்பாடு இல்லாத' சாதியில் கடைகளில் விற்றது. லிபரல் வந்தது, கன்சர்வேட்டிவ் வந்தது, ஒவ்வொரு டிசம்பரிலும் வெள்ளை றிபன் குத்திக்கொண்டு மேடையில் தலை குனிந்தார்கள். அந்தப் பெண்களின் தாய்மாரிடம் சாதகம் பார்க்கும் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இவை குறுகிய நேரத்தில் கூடுதல் பேரைக் கொல்லச் செய்த ஆயுதங்கள், கனடாவில் இவற்றுக்கு இடமில்லை என்று 2020 இல் பிரதமர் ட்ரூடோ முழங்கினார். அவ்வளவு ஆபத்தென்றால் அன்றைக்கே வந்து எடுத்திருக்க வேண்டும். 'அசைக்காமல் வீட்டிலேயே வைத்திரு' என்று பொதுமன்னிப்புத் தவணை கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் வரை. பிறகு 2023 ஒக்ரோபர். பிறகு 2025 ஒக்ரோபர். பிறகு 2026 ஒக்ரோபர். ஆறரை வருடம்! உன் அறைக்குள் நாகபாம்பு என்று ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, 'பாலை ஊற்றிப் பார்த்துக்கொள், ஆறு வருடத்தில் வந்து பிடிக்கிறேன்' என்கிறான் பாம்புப் பிடிகாரன். ஒன்றில் அது பாம்பில்லை, இல்லாவிட்டால் இவன் பிடிகாரனில்லை.

பிடிப்பதற்கு அது எங்கே கிடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 1995 இல் எல்லாத் துவக்குகளையும் பதிய ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வரும் கட்டணம் போக 2 மில்லியன் டொலர்தான் செலவு என்றார்கள். 2002 இல் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா ஃபிரேசர் ஏட்டைப் புரட்டியபோது, அது ஒரு பில்லியனைத் தாண்டப் போகிறது. 2012 இல் அடுத்த கட்சி வந்து நீளத் துவக்குகளின் பதிவேட்டையே அழித்தது. எழுதியவர்கள் இப்போது திரும்பி வந்து, 'யார் யாரிடம் என்ன இருக்கிறது, தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்' என்கிறார்கள். துவக்குகளைத் தபாலில் அனுப்பச் சொல்லலாமென்று யோசித்தார்கள். கனடா போஸ்ட் 'எங்கள் ஊழியருக்கு ஆபத்து, மாட்டோம்' என்றது. துவக்குகளைச் சேகரிக்கக் கேப் பிரெட்டனில் வெள்ளோட்டம் விட்டார்கள். 200 வரும் என்று பார்த்தால் 25 வந்தது. கல்யாண வீட்டுக்கு இப்படி ஆள் வந்திருந்தால் சமையல்காரனே அழுதிருப்பான்.

இந்தப் பாம்புக் கூடையை இப்போது தலையில் சுமப்பவர் நம்மவர், பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி. 2025 செப்ரெம்பரில் அவருக்குத் தெரியாமல் பதிவான ஓர் உரையாடல் வெளியே வந்தது. இந்தத் துவக்குகளைப் போய் எடுக்க உள்ளூர்ப் பொலிசிடம் வசதி இருக்குமா என்று அவருக்கே சந்தேகம். கியூபெக்கில் வாக்களித்தவர்களுக்கு இது பெரிய விஷயம் என்ற விளக்கம். முதலிலிருந்து தொடங்குவதென்றால் வேறு மாதிரிச் செய்திருப்பேன் என்ற பெருமூச்சு. அந்தப் பேச்சு பிசகு என்று பிறகு அவரே சொல்லிவிட்டார். எனக்கென்னவோ, ஐந்து வருடத்தில் இந்த விவகாரத்தில் ஓர் அமைச்சர் வாயிலிருந்து வந்த ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

தடைப் பட்டியல் என்றால் எங்கள் சனத்துக்குப் புதிதா? தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி தடை, சீமெந்து தடை, பெற்றோல் தடை, யூரியா தடை. வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய தலைமுறை இது. எழுதியவருக்குப் பாதுகாப்பு, இருட்டில் இருந்தவருக்குப் பட்டியல். இரண்டும் ஒன்றல்ல, தெரியும். அங்கே பசி, இங்கே பொழுதுபோக்கு. ஆனாலும் வர்த்தமானி எழுதுகிறவனின் கையெழுத்து எங்கேயும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

துவக்குக்காரர் பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கேட்டதை மனப்பாடம் செய்து 'என் அரசியலமைப்பு உரிமை' என்று நெஞ்சில் அடிக்கிறது. அப்படியொரு உரிமை கனடாவில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1993 இலேயே சொல்லியாயிற்று. சலுகைதான், போகட்டும். கொடுத்த சலுகையின் விலாசத்தை வைத்தே பொறி வைக்கலாமா?

இனி எஸ்கேஎஸ்ஸின் முறை. சோவியத் படைக்காக 1945 இல் வடிவமைத்த கிழட்டுத் துவக்கு, மலிவு. வடக்கில் மூஸ் அடித்து இறைச்சி உறைய வைக்கும் முதற்குடி மக்களின் கையில் நிறைய உண்டு. 2022 ஒக்ரோபரில் இனிஸ்ஃபிலில் இரண்டு பொலிசாரைக் கொன்றதும் ஒரு எஸ்கேஎஸ்தான். அடுத்த மாதமே அதையும் வேட்டைத் துவக்குகள் பலவற்றையும் சட்டமூலத்தில் செருகப் பார்த்தார்கள். முதற்குடிகளின் பேரவை எதிர்த்தது. மொன்றியல் ஐஸ் ஹொக்கிக் கோல்காப்பாளர் கேரி பிரைஸ் துவக்கோடு நின்று ஒரு படம் போட்டார். 2023 பெப்ரவரியில் திருத்தத்தை வாபஸ் வாங்கினார்கள். 2024 டிசம்பரிலும் 2025 மார்ச்சிலும் இன்னும் சில நூறு ரகங்களைத் தடைசெய்தபோதும் எஸ்கேஎஸ்ஸைத் தொடவில்லை, நிபுணர்கள் பார்க்கிறார்களாம்.

ஆகவே, மூஸ் வேட்டைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கும் ஐயா, இதை எழுதும் இந்த நிமிடம் வரை உங்கள் எஸ்கேஎஸ் நல்ல துவக்கு. காலையில் எழும்பியதும், தேத்தண்ணி குடிக்க முதல், வர்த்தமானியை ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.