ஏழாம் பரிமாணம்

ஐன்ஸ்டைன் நான்கு பரிமாணங்களோடு நின்றுவிட்டார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 7டி கார் மேட் தொங்குகிறது. பக்கத்துக் கடையில் 9டி. மிச்சப் பரிமாணங்கள் எங்கே என்று கேட்டால், “லெதர் ஃபினிஷ் சார்!”

புது எஸ்யூவியின் கார்பெட்டைக் காக்க 7டி. அதைக் காக்க மேலே நூடுல்ஸ் மேட். அதையும் காக்க நேற்றைய தினசரி. செருப்பு படுவது என்னவோ தலையங்கத்தின்மேல். (இப்படியாவது அதை யாரோ குனிந்து பார்க்கிறார்கள்.)

ஓட்டுநர் பக்கம் மட்டும் விளையாட்டில்லை. அடுக்கிய மேட் நகர்ந்தால் ஆக்சிலரேட்டரில் சிக்கும். மேட் பெடலில் சிக்கும் அபாயத்துக்காக 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இதைச் சொன்னால் கடைக்காரர் மேட்டைப் பிடிக்கும் கொக்கியைக் காட்டமாட்டார். டிக்கி ட்ரேயைக் காட்டுவார். சேறு, மீன், சிமென்ட் எது கொட்டினாலும் கழுவிவிடலாமாம். வாங்குகிறவர் அதில் ஏற்றப்போவது ஜவுளிக்கடைப் பை இரண்டு.