சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: விசுவாசம் இருந்தால் பயமே வரக் கூடாது என்கிறார்கள். எனக்கு ஜெபம் முடித்து எழுந்ததுமே பயம் வந்துவிடுகிறது. என் விசுவாசம் குறைவா?
– ஷூ கம்பெனியில் வேலை செய்யும் வாசகி, ஆம்பூர்

பதில்: இல்லை, சகோதரி. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கலங்கினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? பயம் வீட்டுக்குள் வரும், வரட்டும். சாவிக்கொத்தை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் வாகன விபத்து. இளம் வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்தன. இனி அவரால் அறுவை சிகிச்சை செய்யவே முடியாது என்றுதானே யாருக்கும் தோன்றும்? தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை உட்கார்ந்தபடியே சீராக்கலாமே என்று வழி காட்டினார் அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளியைத் தொடவே ஊர் அஞ்சிய காலம் அது. அந்தக் கைகளைத்தான் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே மேரி பிடித்தார். கடவுளின் அன்பு தன்னைக் கைவிடவில்லை என்று நம்பினார். கால்களின் இயக்கம் கடைசிவரை திரும்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மறைத்துவிட்டுச் செய்யும் பிரசங்கம்தான் உங்களை வீணாகக் குற்றவாளி ஆக்குகிறது.

பிறகு மேரி நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்றும் அங்கே எழுந்து உட்காரவும், சக்கர நாற்காலியில் ஏறவும் கற்றுக்கொள்கிறார்கள்.