சைபரைச் சந்தேகிக்கும் சார்

சுகாதாரக் கணக்குகளைச் சரிபார்க்க மாவட்டத்துக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். முழுப் பதவிப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர் ‘டேட்டா சார்’. தோளில் லேப்டாப் பை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. வேலை ஒப்பந்தத்தில்தான். ஆனாலும் அவர் பைக் தெருமுனையில் திரும்பினால் டாக்டரே எழுந்து ரெஜிஸ்டரைத் தேடுவார்.

மற்ற அதிகாரிகளுக்கு மோசமான கணக்கைப் பார்த்தால் கோபம் வரும். இவருக்கு நல்ல கணக்கைப் பார்த்தால் வரும். முத்துமுத்தான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை, மூன்று மாதப் பதிவும் ஒரே நீலத்தில் என்றால் புருவம் ஏறிவிடும்.

“நேத்து ராத்திரி உட்கார்ந்து எழுதினீங்களாம்மா?”

“முந்தாநாள் சார்.”

ஓரம் கிழிந்து, டீ சிந்தி, நடுப்பக்கத்தில் யாரோ போன் நம்பர் குறித்த நோட்டுதான் அவரைப் பொறுத்தவரை பத்தரை மாற்று.

வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அவருக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. ஒரு தெரு முழுக்க 120/80 என்று வந்தால் சிவப்புப் பேனா தானாக மூடி திறக்கும். “டிஜிட்டல் மெஷினுக்குச் சைபர் மேல தனிப் பாசம் கிடையாதும்மா. பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் கடைசி எண் சைபர்ல முடியணும். உங்க தெருவுல அத்தனை பேருக்கும் முடியுதே, குழாய்த் தண்ணியில ஏதாவது கலக்குதா?” பிறப்பு எடையிலும் இதே வழக்கு. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைந்த குழந்தை; தனிக் கவனிப்பு, தனிப் படிவம். சில ஊர்களில் குழந்தைகளுக்குக் கருவிலேயே அந்தக் கோடு தெரிந்துவிடுகிறது போலும், 2.4-இல் பிறக்கவே மாட்டேன் என்கின்றன.

அவருடைய மாபெரும் தத்துவம் காலிக்கட்டம் பற்றியது. 2008 முதல் எச்.எம்.ஐ.எஸ். என்ற இணையதளத்தில் மாத அறிக்கை ஏற்றியாக வேண்டும். அதில் கட்டங்களுக்குக் கணக்கில்லை.

“மலேரியா கட்டத்தை ஏன் காலியா விட்டீங்க?”

“இந்த மாசம் ஒண்ணும் இல்லைங்க சார்.”

“இல்லைன்னா சைபர் போடணும். காலின்னா நீங்க பார்க்கவே இல்லைன்னு அர்த்தம்.”

அடுத்த மாதம் அந்த அம்மா எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டு அனுப்பினார். ‘நிலையத்தில் பணிபுரியும் செவிலியர்’ உட்பட.

ஐயாயிரம் பேருக்கு ஒருவராக வெயிலில் அலையும் கிராம சுகாதார செவிலியருக்கு இந்தச் சைபர் ஆராய்ச்சி எரிச்சல் தராமல் என்ன செய்யும்? ஆனால் தடுப்பூசிக் கணக்கு 104 சதவீதம் என்று வரும்போது பேச்சு சுவாரசியமாகிவிடும்.

“ஊர்ல இருக்கிற குழந்தையை விட அதிகமா எப்படிம்மா ஊசி போட்டீங்க?”

“தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணுங்க சார். சீமந்தம் முடிஞ்சு வந்தா மூணாம் மாசம்தான் திரும்புவாங்க.”

இதற்காகத்தான் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு இணையதளம் வந்தது. கர்ப்பிணி எந்த ஊர் போனாலும் அவளுடைய 12 இலக்க எண் கூடவே போகும். இலக்குக்குத்தான் அந்த யோகமில்லை. அது 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பெருக்கி வகுத்து மேலேயிருந்து இறங்குவது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதில், டேட்டா சாருக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம். “டினாமினேட்டரே தப்பு” என்று அவர் பெருமூச்சு விடும்போது அருகில் யாராவது இறந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். ஒருமுறை, ரெஜிஸ்டரில் ‘குடியிருப்பு இல்லை’ என்றிருந்த செங்கல் சூளைக்கு அவர் சும்மா வண்டியைத் திருப்பினார். மண் குவியலில் ஒடியாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை உட்கார வைத்து எண்ணினார். எந்தப் பட்டியலிலும் இல்லாத பிள்ளைகள். அவர்களை இலக்கிலும் சேர்த்ததும் ஊசி தொடங்கியது, சதவீதம் 91-க்கு இறங்கியது. ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்டார்: “போன மாசம் 104 இருந்ததே, என்னய்யா பண்ணித் தொலைச்சீங்க?” அன்று மிக்சர் தட்டு அவர் பக்கம் வரவேயில்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே அவருடைய மற்ற அழிச்சாட்டியங்களைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பொறுக்க நிறையவே இருக்கிறது. மைத்துனி கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி எச்சில் இலையை எண்ணி, மொய் நோட்டோடு ஒப்பிட்டு, “குடும்பத்துக்கு மூன்றரை இலை விழுந்திருக்கு, மொய் ஒண்ணுதான்” என்று மாமனாரிடம் அறிக்கை சமர்ப்பித்தார். மாமனார் அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

போன வாரம் அவருடைய பயணப்படி பில் கணக்குப் பிரிவுக்குப் போனது. கிளார்க் அம்மா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். 40 கிலோமீட்டர், 60, 30, 80, 40.

“ஏன் சார், நம்ம மாவட்டத்துல 43 கிலோமீட்டர்ல ஒரு ஊர்கூடவா இல்லை?”

“ஒரு தோராயமாத்தாம்மா...” என்றார் டேட்டா சார்.

“தோராயத்துக்கெல்லாம் பில் பாஸ் ஆகாது சார்” என்று அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை அந்த அம்மா உரிமையோடு உருவிக்கொண்டார்.