வருகைப்பதிவுக்கு ஒரு கியூஆர்

அக்கா மகள் படிக்கும் கல்லூரியில் சைபர் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம் நடந்தது. அரங்கத்து வாசலில் வருகைப்பதிவுக்கென்று ஒரு கியூஆர் ஒட்டியிருந்தது. ஒட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் வரிசையில் நின்று ஸ்கேன் செய்து, பெயர், பிறந்த தேதி, செல் நம்பர் எல்லாம் நிரப்பிவிட்டு உள்ளே போய், ‘தெரியாத கியூஆரை ஸ்கேன் செய்யாதீர்கள்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டது. கம்ப்யூட்டர் லேபின் பாஸ்வேர்டு கரும்பலகை மூலையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறதாம். பக்கத்தில் ‘அழிக்காதே’ என்று வேறு.

அமெரிக்கக் கல்லூரிகளும் லேசுப்பட்டவை அல்ல. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தான் எழுதிய நிரல் ஒன்றை எம்.ஐ.டி. கணினி வழியாக இணையத்தில் அவிழ்த்துவிட்டார். ஏறக்குறைய 6,000 கணினிகள் திணறிப்போயின. அவருடைய அப்பா அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு நிபுணர்! வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நீதிமன்றம் தண்டித்தது, பையன் பிற்பாடு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரும் ஆனார்.

நம் பிள்ளைகளுக்கு ஹேக்கர் என்றால் சினிமாவில் இருட்டறையில் விசைப்பலகையைத் தட்டுபவன். நிஜ ஆசாமி ஹாஸ்டல் எதிரே டீ வாங்கிக் கொடுப்பான். “சும்மா கிடக்குற பேங்க் அக்கவுண்ட்தானே தம்பி, ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, சில ஆயிரம் தரேன்” என்பான். எங்கோ ஒரு பெரியவரை ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கில் ஏறி இறங்கும். போலீஸ் வரும்போது டீ வாங்கிக் கொடுத்தவன் இருக்க மாட்டான். டீ குடித்தவன் இருப்பான்.

எங்கள் ஊரான வரதராஜன்பேட்டைக்கும் இந்த மோசடிக் காற்று வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். இந்தப் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். கியூஆரும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். யுபிஐ பின் நம்பர் நம் பணத்தை அனுப்பத்தான், வாங்க அல்ல. இது தெரியாதவர்களை நம்பித்தான் ஒரு தொழிலே நடக்கிறது.

அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. பேத்திக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் கியூஆர் அனுப்பியிருக்கிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றான் ஒருவன்.

“அது இருக்கட்டும். நீ யார் வூட்டுப் புள்ள தம்பி?”

“சென்னை ஆபீஸ்லேருந்து பேசுறேம்மா.”

“ஆபீஸ்லயா பொறந்த? சொந்த ஊரு எது?”

கொஞ்சம் தயங்கிவிட்டு ஏதோ ஓர் ஊரைச் சொன்னான். விடுவாரா? அங்கே எந்தத் தெரு, எந்தப் பங்குக் கோயில், அப்பாவுக்கு என்ன தொழில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகப் போனது விசாரணை. கடைசியில் அவனே “அப்புறம் பேசுறேம்மா” என்று கும்பிட்டு வைத்துவிட்டான்.

அக்கா மகள் பதறிக்கொண்டு வந்தாள். “ஆயா, பணம் எதுவும் போச்சா? போயிருந்தா ஒடனே 1930-க்கு அடிக்கணும். சீக்கிரம் சொன்னாத்தான் போற வழியில முடக்குவாங்க.”

“பணம் எங்கடி போவுது? அந்த நம்பர அழிச்சிடாத” என்றார் அம்மா. “முப்பது வயசாம், இன்னும் கல்யாணம் ஆவலையாம். ஆண்டிமடத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கு.”