ஆளை அளந்த லீக்

அமெரிக்காவில் குள்ளர்களுக்கென்று ஒரு பேஸ்கட்பால் லீக் நடந்த கதையை நான் எந்த விளையாட்டுப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. ஆடிட்டிங் பாடத்தில் படித்தேன். சி.ஏ. பரீட்சைக்கு மோசடிகளைப் பற்றிய அத்தியாயத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, 'ஃபார்-மோர்' என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் வழக்கு வந்தது. பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் சரக்கிருப்பை எப்படி ஊதிக் காட்டினார்கள் என்பதுதான். நடுவே போகிற போக்கில் ஒரு தகவல்: சுருட்டிய பணத்தில் ஒரு பகுதி 'வேர்ல்டு பேஸ்கட்பால் லீக்' நடத்தப் போயிற்று; அந்த லீக்கில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவர்களுக்கு இடமில்லை. அதற்குப் பிறகு அன்றைக்குச் சரக்கிருப்பு மண்டையில் ஏறவில்லை.

காரணம் உண்டு. என் உயரம் 5 அடி 4 அங்குலம். பள்ளிக்கூடத்தில் பேஸ்கட்பால் கோர்ட்டுக்குப் போன முதல் நாளே பி.டி. மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேலும் கீழும் பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "கையெழுத்து நல்லா இருக்குமாடா? அப்ப நீ ஸ்கோர் எழுது" என்றார். அதோடு என் ஆட்ட வாழ்க்கை முடிந்து, கணக்கு வாழ்க்கை தொடங்கியது.

ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு லெட்ஜர்தான். ஒன்றிலிருந்து எண்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் சாய்வாக ஒரு கோடு. ஃப்ரீ த்ரோ என்றால் ஒரு கெட்டிப் புள்ளி. மூன்று பாயிண்ட் என்றால் போட்டவனின் பனியன் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். ஆட்டம் முடிந்ததும் கடைசி எண்ணின் கீழே இரண்டு கெட்டிக் கோடு போட்டு, நடுவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டலின் கீழே இரட்டைக் கோடு போடும் புத்தியை எனக்குக் கொடுத்தது பேஸ்கட்பால்தான், சி.ஏ. பரீட்சை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே, நெட்டையர்களுக்குத் தடை போட்ட லீக் என்றதும் எனக்காகவே யாரோ ஏற்பாடு செய்ததைப்போல இருந்தது. கொஞ்சம் யோசித்த பிறகு உறைத்தது: 6 அடி 5 அங்குலம் என்றால் 195 சென்டிமீட்டருக்கும் மேல். எங்கள் விருதுநகரில் அந்த உயரத்தில் ஒருவர் நடந்து போனால் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் அவர் குள்ளர். அந்த வரம்பும் நிலைக்கவில்லை. பிற்பாடு 6 அடி 7 அங்குலமாக உயர்த்திவிட்டார்கள். குள்ளர்கள் லீக்கும் வளரத்தான் செய்திருக்கிறது, நான்தான் வளரவில்லை.

எப்படி அளந்திருப்பார்கள் என்று பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். மற்ற பேஸ்கட்பால் ஆட்டக்காரர்களெல்லாம் ஷூவோடு நின்று, குதிகாலை லேசாகத் தூக்கி, ஓர் அங்குலம் கூட்டிச் சொல்லுகிற வழக்கமுள்ளவர்கள். இங்கே சுவரோடு ஒட்டி நின்று, கழுத்தை உள்ளே இழுத்து, முழங்காலைக் கால்சட்டைக்குள் மடக்கி, மூச்சை வெளியே விட்டு ஓர் அங்குலம் குறைத்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். சொத்துக் கணக்கைக் குறைத்துக் காட்டும் ஆட்களை நான் தினம் பார்க்கிறேன். ஆளையே குறைத்துக் காட்டுவது வேறு வித்தை.

லீக் 1988-ல் ஆறு அணிகளோடு தொடங்கியது. பெரிய லீக்கான என்.பி.ஏ. கடையைச் சாத்தும் கோடைக்காலத்தில் இவர்கள் கடை திறந்தார்கள். பெயரில் 'வேர்ல்டு' இருக்கிறதே என்பதற்காக வெளிநாட்டு அணிகளையும் வரவழைத்து ஆடினார்கள். அந்த ஆட்டங்களும் புள்ளிப் பட்டியலில் சேர்ந்தன. முதல் ஆண்டு கோப்பை லாஸ் வேகாஸுக்கு. 1989-லும் 1990-லும் ஒஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் பிரைடு அணிக்கு. 1991-ல் அதே மாநிலத்து டேட்டன் விங்ஸ்.

யங்ஸ்டவுன் இரும்பாலை ஊர். 1977-ல் பெரிய ஆலை ஒன்று மூடப்பட்டதிலிருந்து ஊரே வேலையிழந்து கிடந்தது. அந்த ஊர்க்காரர்தான் மிக்கி மோனஸ், ஃபார்-மோரின் தலைவர். 1982-ல் தொடங்கிய கடை பத்தே ஆண்டில் 300 கிளைகளைத் தொட்டது. எல்லாரையும்விட மலிவாக விற்றார்கள். வாங்கிய விலைக்கும் கீழே விற்றால் மலிவாகத்தானே இருக்கும். கடையில் நஷ்டம் ஏற ஏற, மோனஸ் பேஸ்கட்பாலில் இறங்கினார். யங்ஸ்டவுன் அணி அவருடையது. மற்ற அணிகளிலும் அவர் பணம்தான் பாய்ந்தது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் ஒரே ஆள் செலவு செய்து நடத்துகிற கல்யாணம் இது. சண்டை வராது. ஆனால் மொய் எழுத ஆள் இருக்காது.

செலவுக்கோ குறைச்சலில்லை. அணிகள் இருந்த இடங்களைத் தேசப்படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். கனடாவின் மேற்கே கால்கரி, அதற்கு இந்தப் பக்கம் சஸ்காச்சுவான், வின்னிபெக். கிழக்குக் கடலோரம் ஹாலிஃபாக்ஸ். தெற்கே ஃப்ளோரிடா. பேருந்தில் போய் ஆடிவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற தூரமா இது? பத்துப் பன்னிரண்டு வாட்டசாட்டமான 'குள்ளர்கள்', கோச், மூட்டை முடிச்சு எல்லாம் விமானத்தில்தான் போக வேண்டும். ஆடியவர்களைவிட டிராவல் ஏஜெண்டுக்குத்தான் இந்த லீக்கில் கூடுதல் வேலை இருந்திருக்கும். இந்த டிராவல் ஏஜெண்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் பரீட்சைக் கேள்வி. ஃபார்-மோர் தன் நஷ்டத்தையெல்லாம் இல்லாத சரக்காக மாற்றி, ஒவ்வொரு கிளையின் இருப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதியது. உள்ளே உண்மைக் கணக்கு தனியாக ஒரு நோட்டில் இருந்தது. தணிக்கை செய்தவர்கள் கூப்பர்ஸ் அண்ட் லைப்ராண்ட், அன்றைக்கு உலகத்தின் பெரிய ஆறு தணிக்கை நிறுவனங்களில் ஒன்று. 300 கடைகளில் நாலே நாலு கடையில்தான் சரக்கு எண்ணும்போது நேரில் நின்றார்கள். அந்த நாலும் எவை என்பதைப் பல மாதம் முன்பே ஃபார்-மோருக்குச் சொல்லியும் வைத்தார்கள். ஃபார்-மோரின் கணக்குப் பிரிவிலிருந்த சிலர் அதே தணிக்கை நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்கள் வேறு. ஆடிட்டர் எங்கே பார்ப்பார், எங்கே பார்க்கமாட்டார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நாலு கடையில் அலமாரி நிரம்பி வழிந்தது. மீதிக் கடைகளின் சரக்கு காகிதத்தில் நிரம்பி வழிந்தது.

இதைப் படித்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் மல்லி, வத்தல், பருப்பு வியாபாரம். மார்ச் 31 நெருங்கினால் மண்டிகளிலிருந்து போன் வரும். "ஆடிட்டர் சார், எந்தக் கிட்டங்கிக்கு வர்றீக? சொன்னா கூட்டிப் பெருக்கி வச்சிருவோம்" என்று கணக்குப்பிள்ளை குழைவார். ஒரு மண்டியில் மல்லி மூட்டைகளை உத்தரம் வரை அட்டி போட்டிருந்தார்கள். நீளம் இத்தனை, அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று பெருக்கினால் நோட்டுக்கணக்கோடு ஒரு மூட்டை பிசகவில்லை. என்னிடம் சி.ஏ. பயிற்சிக்கு இருந்த ஆர்ட்டிகிள் பையன் ஆறடி. நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்து "சரியா இருக்கு சார்" என்று டிக் அடித்துவிட்டான். எனக்கு எட்டவில்லை. ஏணி கேட்டேன். ஏணி இல்லை, இளநீர் இருக்கிறது என்றார்கள். மூட்டைகளைப் பிடித்தே ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால் நடுவில் கிணறு. நாலு பக்கமும் சுவர்போல ஒரே ஒரு வரிசை மூட்டை. உள்ளே தரையில் ஒரு பூனை நாலு குட்டிகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மண்டிக்கார அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கீழே நின்றபடியே, "பூனை இருந்தா எலி வராதுல்ல சார்" என்றார்.

குள்ளனாகப் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. 300 கடையில் ஒரே ஒரு கடைக்கு என்னைப்போல ஒருவனை, ஏணி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பியிருந்தால் போதும். ஆட்டக்காரனை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள் சரக்கை முழம் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் குட்டை உடைத்தது தணிக்கையாளர் அல்ல, அந்த டிராவல் ஏஜெண்ட். லீக்கின் பயணச் செலவுக்காக ஏறத்தாழ 80,000 டாலருக்கு ஒரு காசோலை வந்தது. பேஸ்கட்பால் ஆட்டக்காரர்கள் விமானத்தில் போனதற்கு மருந்துக்கடை ஏன் பணம் கொடுக்கிறது என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம். காசோலையைத் தம் கட்டட உரிமையாளரிடம் காட்டினார். அவரோ ஃபார்-மோரோடு தொடர்புள்ளவர். விஷயம் மேலிடத்துக்குப் போனது. அகலப் படித்த தணிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பார்க்காததை, டிக்கெட் போட்டுத் தரும் ஒருவர் ஒற்றைக் காகிதத்தில் பார்த்துவிட்டார். ஃபார்-மோரின் ஓட்டை சுமார் 50 கோடி டாலர் என்று தெரிந்தது. லீக்குக்குப் போனது அதில் ஒரு கோடி. கொள்ளையிலும் பேஸ்கட்பாலுக்குச் சில்லறைதான்.

1992 சீசன் நடுவிலேயே, ஆகஸ்ட் 1-ஆம் தேதி, லீக் மூடப்பட்டது. அதே வாரம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஜோர்டனும் மேஜிக் ஜான்சனும் சேர்ந்த 'ட்ரீம் டீம்' அங்கோலாவை 116-48 என்று துவைத்து எடுத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. உலகமே பேஸ்கட்பால் பார்த்த வாரத்தில் 'வேர்ல்டு' லீக் செத்ததை யாரும் பார்க்கவில்லை. மூடியபோது முன்னணியில் நின்ற டேட்டன் விங்ஸையே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். பைனல் ஆடாமல் கோப்பை ஜெயித்த அணி. கனடா அணிகள் சில சேர்ந்து 1993-ல் தனியாக ஒரு லீக் தொடங்கின. அதுவும் மறு ஆண்டே நின்றது. மோனஸுக்கு 1995-ல் 19 ஆண்டு 7 மாதச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

ஆட்டக்காரர்கள் மட்டும் பொய்க்கணக்கு இல்லை. மெம்ஃபிஸ் ராக்கர்ஸ் அணியில் ஆடிய ஜான் ஸ்டார்க்ஸ், அதற்கு முன் மளிகைக்கடையில் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுத்தவர். நியூயார்க் நிக்ஸுக்குப் போய் 1994-ல் ஆல்-ஸ்டார் ஆனார். யங்ஸ்டவுனில் ஆடிய மாரியோ எலி என்.பி.ஏ. கோப்பையை மூன்று முறை தூக்கினார். நிறுவனம் முழுக்கப் பொய், லீக்கின் மூலதனம் பொய், சம்பளத்தில்கூடப் பாதி பொய்யாக இருந்திருக்கலாம். ஆனால் கூடையில் விழுந்த பந்தை யாரும் ஊதிக் காட்ட முடியவில்லை. ஸ்கோர் எழுதுகிறவனுக்கு முன்னால் இரண்டு அணியும் உட்கார்ந்திருக்கும். ஒரு புள்ளி கூட எழுதினால் எதிர் அணிக்காரன் மேஜைமேல் ஏறிவிடுவான். இப்படிப்பட்ட தணிக்கை எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்?

போன மாதம் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர், பேஸ்கட்பால் டீம் ஒன்று வைத்து நடத்தப்போவதாகச் சொன்னார். பனியனில் கடைப் பெயர், வெளியூர் டோர்னமெண்டுக்குத் தனி வேன், எல்லாம் உண்டாம். "நல்ல காரியம் அண்ணாச்சி, ஸ்கோர் எழுத நானே வாரேன்" என்றேன். ஸ்டாக் எடுக்கவும் சீக்கிரமே வருவதாகச் சொன்னேன். எந்தக் கிட்டங்கி என்று கேட்டார். எல்லாக் கிட்டங்கியிலும் ஏணி வாங்கி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.